நிலம் தொடாத வேல்

“நீ படிச்சிட்ட, சரி. ஆனா பேச வேண்டிய எடத்துல நீயும் எங்களப் போல வாய மூடிக்கிட்டுத்தான் நிப்ப.”

அப்பா இதைக் கோபத்தில் சொல்லவில்லை. முற்றத்தில் குந்தியிருந்து சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டபடி சொன்னார். என் கையில் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட கடிதம் இருந்தது. எங்கள் வீட்டில் அதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான். அம்மா இன்றைக்கும் பெருவிரல்தான் வைக்கிறார். அப்பாவுக்குத் தன் பெயரின் முதல் எழுத்து மட்டும் வரும்.

அப்படி அவர் சொன்னதற்கு நான்தான் காரணம். போர் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த முதல் போகத்தில், எனக்குப் பதினொரு வயது. அப்பா கூலிக்கு நின்ற வயலின் சொந்தக்காரர், முறை தப்பி வாய்க்காலைத் திறந்துவிட்டதாகச் சொல்லி அவரை மண்வெட்டிப் பிடியால் அடித்தார். திறந்தது வயல்காரரின் தம்பி. அது அப்பாவுக்குத் தெரியும். சோறு கொண்டுபோன எனக்குத் தெரியும். வரம்பில் நின்ற நான்கு பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை, அப்பா உட்பட. அவருடைய முதுகில் நான்கு தடங்கள் இருந்தன, பிடியின் அகலத்தில்.

கடிதம் வந்த அன்று நான் பெருமையில் சொன்னேன்: “அண்டைக்கு நான் வளந்த பிள்ளையா இருந்திருந்தா உண்மையைச் சொல்லியிருப்பன்.” பள்ளிக்கூடத்தில் பழகிய பேச்சில் சொன்னேன். அப்பா எங்கள் வீட்டுப் பேச்சில் பதில் சொன்னார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்டு கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. வந்த ஊரின் பேச்சு அப்பாவின் நாக்கில் ஏறவேயில்லை. என் நாக்கில் ஏறியது. அதை ஏற்றிக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்போது நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிறேன். கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். அப்பா சொன்னதை எப்போதோ பொய்யாக்கிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

*

வவுனியாவில் படித்த காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி உடையார்கட்டைச் சேர்ந்தவள். அவளுடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்து குடியேறிய வயல்காரர்கள். மற்றவள் துணுக்காயைச் சேர்ந்தவள். எதற்கும் பகிடி விடுகிறவள், எதற்கும் பயப்படாதவள். உடையார்கட்டுத் தோழியின் பெரியப்பா வருடாவருடம் வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் கூட்டங்களில் ஒன்றை நடத்துகிறவர். படிப்பு முடிந்து நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, நாங்கள் மூவரும் அந்தக் கூட்டத்தோடு ஒருநாள் மட்டும் நடப்பதென்று முடிவு செய்தோம். உடையார்கட்டில் தொடங்கி வற்றாப்பளை அம்மன் கோயில் வரை.

விடியும் முன்பே கோயில் மண்டபத்தில் கூடினோம். நாற்பது பேரளவில் இருப்பார்கள். பெண்கள் எல்லோரும் மஞ்சள் சேலை, ஆண்கள் காவி வேட்டி, ஒருவர் காலிலும் செருப்பில்லை. மூட்டைகளும் சமையல் பாத்திரங்களும் ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பின்னால் வரும். பெரியப்பாவின் தங்கை மக்கள் இரண்டு பேர், கலியாண வயது வந்த ஆண்கள், மோட்டார் சைக்கிளில் முன்னும் பின்னும் ஓடி வீதி பார்ப்பார்கள். பெரியப்பா ஒரு கையில் கூட்டத்தின் வேலும் மறு கையில் பிரம்புமாக நின்றார். அந்த வேல் ஒரு ஆள் உயரம். வைரமரத் தண்டு, பித்தளை இலை, கழுத்தில் சிவப்புப் பட்டு, அதில் தேசிக்காய் கோத்த மாலை.

“சாமிமார், கேளுங்கோ,” என்றார். “கோயில் படி ஏறுமட்டும் இங்க எல்லாரும் சாமிதான். பேர் கேக்கிறேல்லை, ஊர் கேக்கிறேல்லை. வேல் நிலத்தில படக்கூடாது. பொம்பிளைச் சாமிமார் தொடக்கூடாது. வேலைக் கையில எடுத்த ஆள், இன்னொரு ஆள் வந்து கையில வாங்கும் வரைக்கும் நிக்கக்கூடாது, திரும்பிப் பாக்கவும் கூடாது.”

“அப்ப இடையில ஒண்டுக்கு வந்தா?” என்று துணுக்காய்த் தோழி என் காதில் கேட்டாள்.

“நடந்துகொண்டே போகவேண்டியதுதான்.”

“பின்னால வாறவை பாவம், என்னடி.”

சிரிப்பை அடக்க நாங்கள் சேலைத் தலைப்பைக் கடித்தோம். அதே நேரம் பெரியப்பா மருமக்களில் மூத்தவனைக் கூப்பிட்டு, வாயை முகர்ந்து பார்த்தார். சிகரெட் மணத்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் அவனுடைய கெண்டைக்காலில் பிரம்பால் மூன்று அடி போட்டார். காவி வேட்டி கிழிந்து தோல் வெளிறி, பிறகு சிவந்தது. நாற்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“சரி சாமி,” என்றான் அவன். முகம் இரத்தமாகச் சிவந்திருந்தது. மோட்டார் சைக்கிளை அவன் உதைத்து எழுப்பிய விதத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. அந்த அடிகளை அவன் எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

பெரியப்பா விதி சொல்லும்போது மண்டப வாசலுக்கு வெளியே நின்று கேட்ட ஒரு மனிதர், சந்தி தாண்டியதும் கூட்டத்தில் வந்து சேர்ந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தியிருந்தது. கையில் புடவைக்கடைப் பை ஒன்று. நேராகப் பெரியப்பாவிடம் போனார்.

“சாமி, ஒரு பத்து எட்டு வேலப் புடிச்சு நடக்கலாங்களா? மகளுக்கு நெஞ்சு ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுதுங்க. நேர்த்தி வச்சிருக்கேன்.”

பெரியப்பா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “எவடம்?”

“கிளிநொச்சிப் பக்கங்க.”

“அதுக்கு முந்தி?”

அந்த மனிதர் பையை மறு கைக்கு மாற்றினார்.

“வேல் எல்லாருக்கும் குடுக்கிறேல்லை சாமி. பின்னால நடவும்.”

யாரோ சிரித்தார்கள். அவர் தலையாட்டிவிட்டுப் பின்னுக்கு வந்தார். நான் வேகமாக எட்டு வைத்து முன்னுக்குப் போனேன். அவர் பேசியது என் அப்பாவின் பேச்சு. பக்கத்தில் நடந்தால் ஏதாவது கேட்பார், பதிலில் என் நாக்கு வழுக்கிவிடும் என்று பயந்தேன். தோழிகளிடம் நான் கிளிநொச்சி, அப்பா விவசாயம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தும் அதற்கு முந்தி எவடம் என்று அவர்கள் கேட்கவுமில்லை.

*

பத்து மணிக்கே தார் சுட்டது. சோளகக் காற்று புழுதியை முகத்தில் அறைந்தது. வீதிக் கரையில் ஒரு வீட்டுப் படலைக்கு முன்னால் ஒரு அக்கா குடத்தோடு நின்று, வந்த ஒவ்வொருவர் காலிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டார். என் காலிலும் விழுந்தார். அவருடைய கழுத்தில் தடித்த சங்கிலி கிடந்தது. இப்படி ஒரு பெண்ணின் வீட்டில் என் அம்மா களை பிடுங்கி, கொல்லைப் பக்கம் நின்று தேத்தண்ணீர் குடித்திருக்கிறார். நான் குனிந்து அவரைத் தூக்கவில்லை. நிமிர்ந்து நின்றேன். அன்றைக்கு எனக்குள் இருந்த கர்வம் அப்படிப்பட்டது.

புதுக்குடியிருப்பு தாண்டி, உச்சி வெயிலில், பாலை மரங்களின் கீழ் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில் கூட்டம் நின்றது. பெரியப்பா ஒரு சேலையைத் தொட்டில் போலத் தாழ்ந்த கிளையில் கட்டி, வேலை அதில் நிறுத்தினார். தங்கும் இடத்தில் மட்டும் வேலைக் கையிலிருந்து இறக்கலாம், நிலத்தில் படாமல் வைக்க அதுதான் வழி. பிறகு எல்லோரும் பின்வளவுக் கிணற்றுக்குக் குளிக்கப் போனார்கள். தோழிகளும் போனார்கள். எனக்குக் குதிக்காலில் கொப்புளம் உடைந்திருந்தது. மரத்தடியிலேயே இருந்தேன். வீதிக்கு அந்தப் பக்கம், தனியாக, அந்த மனிதர் இருந்தார்.

காற்று ஒரு தரம் உரத்து அடித்தது. சேலை முடிச்சு இளகியது. வேல் சரிந்தது. நான் யோசிக்கவில்லை. பாய்ந்து பிடித்தேன்.

பாரமாக இருந்தது. தண்டு வெயிலில் சூடேறி, பலர் பிடித்துப் பிடித்து வழுவழுப்பாகியிருந்தது. அந்த நேரம் நான் கத்திக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. தொடக்கூடாது என்று சொன்ன பொருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சந்தோசமாக இருந்தது.

பிறகுதான் பயம் வந்தது. ஒரு கையால் வேலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முடிச்சுப் போட முடியவில்லை. கிணற்றடியிலிருந்து பேச்சுக்குரல் நெருங்கியது. நான் வீதியைக் கடந்தேன்.

“சாமி, இதைப் பிடியுங்கோ. பிடிச்சுக்கொண்டு முன்னால நடவுங்கோ. நாங்கள் வாறம்.”

அவர் எழும்பினார். “நானுங்களா?”

“ஓம், நீங்கள்தான்.”

“பெரிய சாமி வேணாம்னு…”

“நான் சொல்லுறன்.”

கந்தோரில் கதிரையில் இருந்து சொல்கிற குரலில் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்தார். வாங்கினார். வேலை நெஞ்சுக்கு நேரே பிடித்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பத்து எட்டு நடக்கட்டும், அதற்குள் கூட்டம் வந்துவிடும், நேர்த்தியும் முடியும் என்று எனக்கு நானே சொன்னேன். அநியாயமாக மறுக்கப்பட்டதை ஒரு ஏழைக்கு வாங்கிக் கொடுத்தேன் என்றுகூட நினைத்தேன். உண்மை என்னவென்றால் என் கையிலிருந்து அது போகவேண்டியிருந்தது. நான் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினேன்.

*

“வேல் எங்க?”

பெரியப்பா ஈர வேட்டியோடு வெறும் சேலைக்கு முன்னால் நின்றார். கூட்டத்தினர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“கடைசியா இதில ஆர் இருந்தது?”

“இவள்தான் இருந்தவள்,” என்றாள் உடையார்கட்டுத் தோழி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான் கிணத்தடிக்குப் போனனான்,” என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகப் பெரிய பொய் அதுதான்.

“அந்தத் தோட்டக்காட்டானைக் காணேல்லை,” என்று யாரோ சொன்னார்கள்.

“காலமை வேலைக் கேட்டவனெல்லோ. கேக்கேக்கையே நினைச்சனான்.”

“பித்தளை விலை தெரிஞ்சவன்.”

மோட்டார் சைக்கிள் அப்போதே கிளம்பிவிட்டது. ஓட்டியவன் காலையில் பிரம்படி வாங்கிய மூத்தவன். நான் ஓடினேன். கொப்புளம் உடைந்த காலில் கல் ஏறியது தெரிந்தது, வலி தெரியவில்லை. வளைவு தாண்டியதும் ஒரு மதகு. அவர் அதை நெருங்கிக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் அவருக்கு நிச்சயம் கேட்டிருக்கும். ஆனால் அவர் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்பது காலையில் அவர் காதில் விழுந்த விதி.

மூத்தவன் ஹெல்மெட்டைக் கழற்றி, ஓட்டத்திலேயே அவருடைய பிடரியில் அடித்தான். தேங்காய் சிதறுவது போல ஒரு சத்தம். அவர் முழங்காலில் விழுந்தார். இரண்டு கையும் மேலே நின்றன. வேல் நிமிர்ந்தே நின்றது.

பின்னிருக்கையிலிருந்து குதித்த இளையவன் கொடி கட்டிய மூங்கிலால் விலாவில் அடித்தான். பின்னால் ஓடி வந்தவர்களும் சேர்ந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் ‘அரோகரா’ சொல்லி வந்த ஆட்கள். காலில் கொப்புளம் வந்த ஆட்கள். காலால் உதைத்தார்கள். ஒரு பெண் அவர்மீது காறித் துப்பினாள்.

“கள்ளச் சாமி. விடடா வேலை.”

“வாங்கிக்கங்க சாமி,” என்றார் அவர். “கையில வாங்கிக்கங்க. கீழ விடக்கூடாதுங்க.”

அவர் கொடுக்கத்தான் நின்றார். வாங்க ஒரு கையும் இருக்கவில்லை. எல்லாக் கைகளிலும் தடி இருந்தது. கையை இறக்கி முகத்தை மறைத்திருந்தால் பாதி அடி குறைந்திருக்கும். அவர் இறக்கவில்லை.

பெரியப்பா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். “ஆரடா உனக்கு வேல் தந்தது?”

“ஒரு தங்கச்சி குடுத்திச்சுங்க. மஞ்சச் சீல கட்டின தங்கச்சி.”

அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் மஞ்சள் சேலை. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்க்க முயன்றார். நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வடிந்துகொண்டிருந்தது. என்னைத் தாண்டி அவருடைய பார்வை போயிற்று.

“பொம்பிளைப் பிள்ளையளில பழி போடுறான்,” என்று சொல்லிப் பெரியப்பா பிரம்பை ஓங்கினார்.

அந்த இடத்திலிருந்து நான் எண்ணத் தொடங்கினேன். ஏன் எண்ணினேன் என்று எனக்குத் தெரியாது. பிரம்பு கன்னத்தில், ஒன்று. கழுத்தில், இரண்டு. மூங்கில் முதுகில், மூன்று. இன்னும் மூங்கில். ஐந்தாவது, உதை. என் வாய் திறந்திருந்தது. உள்ளே எந்தப் பேச்சும் இல்லை, பள்ளிக்கூடத்துப் பேச்சும் இல்லை, வீட்டுப் பேச்சும் இல்லை. எட்டாவது அடியில் ஹெல்மெட்டின் விளிம்பு அவருடைய இடக் கண்ணில் பட்டது. ஒன்பதாவது அடியில் தாடை போயிற்று. பச்சைத் தடி முறிகிற சத்தம். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவர் கையில் வேல் முதல்தடவையாகச் சரிந்தது.

“அவர அடிக்காதீங்க,” என்றேன். “நாந்தான் குடுத்தேன். நாந்தான் முன்னால போகச் சொன்னேன்.”

எங்கள் வீட்டுப் பேச்சில் வந்தது. நான் அதைத் தெரிந்து எடுக்கவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு போய், அவருடைய விரல்களிலிருந்து வேலை வாங்கினேன். அவை ஒவ்வொன்றாகத்தான் கழன்றன.

பெரியப்பா என் முகத்தில் அறைந்தார். உள்ளங்கையால், முழுப்பலத்தோடு. காதுக்குள் ஒரு விசில் தொடங்கியது. உதடு பல்லில் கிழிந்து உப்புக் கரித்தது. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது துணுக்காய்த் தோழி நடுவில் வந்து நின்றாள். மூத்தவனின் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பறித்து எடுத்திருந்தாள்.

“இன்னொரு அடி ஆருக்கும் விழுந்தா இதாலயே மண்டையை உடைப்பன்,” என்றாள். “பெரியப்பாவெண்டும் பாக்கமாட்டன்.”

அவளுடைய சேலைத் தலைப்பில் அந்த மனிதரின் இரத்தம் இருந்தது. ஒருவரும் அசையவில்லை.

உடையார்கட்டுத் தோழி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நீயும் அவையளோ?” என்றாள். “இவ்வளவு காலமும் சொல்லேல்லையே.”

“நீ கேக்கேல்லை.”

பெரியப்பா ஒரு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு என்னிடமிருந்து வேலை வாங்கினார். அதை லான்ட்மாஸ்டரில் நிமிர்த்திப் பிடித்து, மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பக்கத்து வீட்டுக்குப் பாலுக்கு ஆள் போனது. பித்தளை இலையிலும் பட்டிலும் இரத்தம் தெறித்திருந்தது. அதைவிடப் பெரிய தீட்டு என் கை. நான் அந்த மனிதரின் முகத்தைக் கழுவத் தண்ணீர் கேட்டேன். செம்பை வைத்திருந்த பெண் அதை மறுபக்கம் நகர்த்தினாள்.

“அது வேலுக்கு,” என்றாள்.

அவர் மதகடியில் ஒருபக்கமாகக் கிடந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் வாயிலிருந்து இரத்தக் குமிழி வந்து உடைந்தது. துணுக்காய்த் தோழி நடுவீதியில் நின்று ஒரு ஓட்டோவை மறித்தாள். ஓட்டோக்காரர் கூட்டத்தையும் அவரையும் பார்த்துவிட்டுத் திருப்பப் பார்த்தார். அவள் முன் சில்லுக்கு முன்னால் குந்திவிட்டாள். நாங்கள் இருவருமாக அவரைத் தூக்கி ஏற்றினோம். பின்னால் ‘அரோகரா’ மறுபடி தொடங்கியது.

ஓட்டோவுக்குள் அவருடைய தலை என் மடியில் இருந்தது. வலக் கண்ணைத் திறந்து என் முகத்தைத் தேடினார். என் குரலை அவர் மதகடியில் அடையாளம் கண்டிருக்க வேண்டும். உடைந்த தாடையோடு பேசியது தெளிவில்லாமல்தான் வந்தது. ஆனாலும் விளங்கியது.

“எனக்கு ஏன் குடுத்தீங்க?”

நான் சேலைத் தலைப்பால் அவருடைய நெற்றி இரத்தத்தைத் துடைத்தேன்.

*

ஆஸ்பத்திரியில் உடனே எடுத்தார்கள். கண்ணுக்கு வவுனியாவுக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். அம்புலன்ஸ் ஆயத்தமாகும் நேரத்தில் அங்கே கடமையில் இருந்த பொலிஸ்காரர் கொப்பியோடு கட்டிலருகே வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார்.

“மதகுல விழுந்திட்டேங்க,” என்றார் அவர்.

பொலிஸ்காரர் அவருடைய முதுகைப் பார்த்தார். மூங்கில் தடங்கள் எண்ணக்கூடியதாக இருந்தன. மதகில் விழுந்து அப்படி வராது என்று அவருக்கும் தெரியும். எழுதி, கீழே அவருடைய பெருவிரலைப் பதித்துக்கொண்டு போனார்.

“ஏன் அப்பிடிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“நீங்க போயிருவீங்க தங்கச்சி. நான் இந்த ரோட்டாலதான் வேலைக்குப் போகணும்.”

அம்புலன்ஸ் கதவு மூடியது. பொலிஸ்காரர் கையெட்டும் தூரத்தில் நின்றார். நான் போய்ச் சொல்லவில்லை. அவரே விழுந்தேன் என்று சொன்ன பிறகு நான் யார் என்று ஒரு நியாயம் அப்போது கைவசம் இருந்தது.

பொழுதுபட முன் வீட்டுக்கு வந்தேன். அப்பா வீங்கிய என் கன்னத்தைப் பார்த்து, “யாரு?” என்றார். குசினிக்குள் இருந்து முழுவதையும் சொன்னேன். கிணற்றடி என்று சொன்னதையும், ஒன்பதையும் விடவில்லை.

அப்பா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒம்பதா? எண்ணினியா?”

“எண்ணினேன்.”

“அன்னிக்கு வரப்புல நின்னவனுகளும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்திருப்பானுக.”

எழும்பிப் போய் மாட்டைக் கட்டினார். நான் குசினியிலேயே இருந்தேன். அந்த மனிதரின் கண் பிழைக்குமா பிழைக்காதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிழைக்காவிட்டால், கொப்பியில் இருக்கப் போவது ‘மதகில் விழுந்தார்’ என்பதுதான். அதை மாற்ற எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தி அன்றைக்கு அங்கே இருந்தாள்.

*

மறுநாள் காலை பத்தரைக்கு என் கைத்தொலைபேசி அடித்தது. உடையார்கட்டுத் தோழியின் இலக்கம். பேசியது பெரியப்பா. வற்றாப்பளையிலிருந்து பேசுவதாகச் சொன்னார். பின்னால் மணிச்சத்தம் கேட்டது.

“பிள்ளை, நேற்று நான் கை ஓங்கினது பிழைதான். கோவம். வேலெல்லோ. மனசில வச்சிருக்காதையும்.”

“ஓம் பெரியப்பா.”

“அந்தாளும் தான் விழுந்ததெண்டு சொல்லிப்போட்டுதாம். ஆசுப்பத்திரிச் செலவை நாங்கள் பாக்கிறம். மருமக்கள் ரெண்டு பேரும் வெளிநாடு போக விசாவுக்குப் போட்டிருக்கினம், ஒரு கேஸ் விழுந்தா எல்லாம் போச்சு. நீரும் வேலைத் தொட்டனீர், கதை வெளிய வந்தா உமக்கும் கூடாது. படிச்ச பிள்ளை, உமக்கு விளங்கும். ஒரு இடத்திலயும் போய் ஒண்டையும் எழுதிக் குடுத்திடாதையும்.”

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் துணுக்காய்த் தோழி தன் காதை என் தொலைபேசியோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். பிடரியில் அடித்தவன் யார், மூங்கில் யார், பிரம்பு யார் என்று அவள் சொல்லி, கீழே தன் கையெழுத்தும் போட்டிருந்தாள். என் மடியில் முறைப்பாட்டின் பிரதி இருந்தது. நான்கு பக்கம், என் கையெழுத்து. முதல் பக்கத்தில் வேலை நான் பிடித்ததும், நான் கொடுத்ததும், கிணற்றடிக்குப் போனேன் என்று சொன்னதும் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் ஒன்பது அடியும் இருந்தன, எந்த அடியில் நான் வாய் திறந்தேன் என்பதோடு. இதால் உங்களுக்கும் பிரச்சினை வரும் என்று புதுக்குடியிருப்புப் பொலிஸ் நிலையத்தில் ஒருவர் சொன்னார். தெரியும் என்றேன்.

“பெரியப்பா, நான் எழுதிக் குடுத்திட்டன்,” என்றேன்.

“என்னது?” என்றார் அவர்.

“காலமை எட்டு மணிக்கே குடுத்திட்டன். இப்ப வவுனியாவுக்குப் போறன். அந்த மனிசனுக்கு வாசிக்கத் தெரியாது. நான் எழுதினதை அவருக்கு வாசிச்சுக் காட்டவேணும். பிழையெண்டு சொன்னா அவர் முன்னால திருத்துறன்.”

அவர் என்ன சொன்னார் என்று சரியாகக் கேட்கவில்லை. பஸ் அப்போது மாங்குளம் சந்தியில் திரும்பி, வவுனியாவுக்குப் போகும் கண்டி வீதியில் ஏறியிருந்தது.